120 பிரேம்கள் திரைக்கு வரும் வழி

டிவி வாங்கப் போகிறவர்கள் அங்குலத்துக்கும் 4கே-வுக்கும் அடுத்தபடியாகப் பார்க்கும் எண் 120 ஹெர்ட்ஸ். திரை நொடிக்கு 120 முறை புதுப்பிக்கப்படும் என்பது அதன் பொருள். பெயர் பெற்ற கம்பெனிகளின் விலை கூடிய மாடல்களில் அது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். ஆனால் வெளியிலிருந்து ஒரு கேபிள் வழியாக நொடிக்கு 120 தனித்தனிப் படங்களை அனுப்பினால், டிவி அத்தனையையும் வாங்கிக்கொள்ளுமா? வாங்கியதில் ஒன்றைக்கூட விடாமல் காட்டுமா? பெட்டியில் அச்சிட்ட எண்ணில் இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் கிடையாது.

கேம் கன்சோலிலோ கம்ப்யூட்டரிலோ பிறக்கும் ஒரு பிரேமுக்குத் திரையில் கிடைக்கும் நேரம் 8.3 மில்லிசெகண்ட். அதற்குள் அடுத்தது வந்து நிற்கும். இவ்வளவு அவசரமாகக் கிளம்பும் அந்தப் பிரேம், கண்ணாடியைத் தொடுவதற்குள் எங்கெல்லாம் நிறுத்தப்படுகிறது, எங்கே பாதியாகக் குறைக்கப்படுகிறது, எங்கே சத்தமில்லாமல் தூக்கியெறியப்படுகிறது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். அதற்கு 1936-க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு நவம்பரில் லண்டனின் அலெக்ஸாண்ட்ரா பேலஸிலிருந்து பிபிசி தன் தொலைக்காட்சிச் சேவையைத் தொடங்கியது. அங்கே நிலைத்துவிட்ட 405 கோட்டு முறையில் திரை நொடிக்கு 50 தடவை வரையப்பட்டது. ஒரு தடவை ஒற்றைப்படைக் கோடுகள், அடுத்த தடவை இரட்டைப்படைக் கோடுகள். இரண்டும் சேர்ந்தால் ஒரு முழுப்படம். 50 என்ற கணக்கு மின்கம்பியிலிருந்து வந்தது. பிரிட்டனின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்தக் காலத்து வால்வு டிவியில் மின்சாரத்தின் அலைவு கொஞ்சமாவது படத்துக்குள் கசியும். திரையின் வேகமும் மின்சாரத்தின் வேகமும் ஒத்துப்போனால் அந்தக் கசிவு ஒரே இடத்தில் நிற்கும், கண்ணுக்கு உறுத்தாது. ஒத்துப்போகாவிட்டால் ஒரு நிழல் பட்டை திரையில் மேலும் கீழும் ஊர்ந்துகொண்டே இருக்கும். அமெரிக்காவின் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் என்பதால் அங்கே 60. 1953-இல் கறுப்பு வெள்ளைச் சிக்னலுக்குள் வண்ணத்தையும் நுழைத்தபோது, ஒலிக்கும் வண்ணத்துக்கும் இடையே வந்த குறுக்கீட்டைத் தவிர்க்க அந்த 60-ஐ ஆயிரத்தில் ஒரு பங்கு குறைத்து 59.94 ஆக்கினார்கள். அந்தச் சிறு வெட்டு இன்றும் போகவில்லை. இன்றைய டிவியின் தகவல் பக்கத்தில் 119.88 என்று ஒரு எண் தெரிந்தால், அது 70 ஆண்டுகளுக்கு முந்தைய அந்தச் சமரசத்தின் மிச்சம்.

நம் மின்சாரமும் 50 ஹெர்ட்ஸ். 1959-இல் டெல்லியில் தொடங்கி 1975-இல் சென்னைக்கு வந்த தொலைக்காட்சி 625 கோடுகள், நொடிக்கு 50 தடவை என்ற முறையில் ஓடியது. 1982-இல் வண்ணம் வந்தபோது பால் (PAL) என்ற வண்ண ஒளிபரப்பு முறை வந்தது, 50 மாறவில்லை. சினிமாவோ நொடிக்கு 24 பிரேம். 24-ஐ 50-க்குள் சரியாக அடக்க முடியாததால், பால் முறையில் படத்தை 25 பிரேமாக வேகப்படுத்தி ஓட்டுவதே வழக்கமாக இருந்தது. இரண்டரை மணி நேரப் படம் இப்படி ஓடினால் ஆறு நிமிடம் முன்னதாகவே முடிந்துவிடும். பாட்டின் சுருதியும் கொஞ்சம் ஏறும். திரையின் வேகம் ஒன்று, அதற்கு வந்து சேரும் படத்தின் வேகம் இன்னொன்று என்ற முரண்பாடு டிவி அளவுக்கே பழசு.

அந்த முரண்பாட்டை மறைக்க டிவிக்குள்ளேயே பிரேம்களைப் பெருக்கும் வேலை பிறகு தொடங்கியது. பெரிய ட்யூப் டிவிகளில் 50 ஹெர்ட்ஸ் படம் கண்ணுக்குத் துடிப்பதுபோல் தெரிந்ததால், ஐரோப்பாவில் 100 ஹெர்ட்ஸ் ட்யூப் டிவிகள் வந்தன. வரும் படத்தை நினைவகத்தில் பிடித்துவைத்து இரண்டு முறை காட்டுவார்கள்; வெளியிலிருந்து வந்தது அதே 50தான். எல்சிடி வந்தபோது பிரச்சினை வேறு வடிவம் எடுத்தது. ட்யூபில் ஒரு புள்ளி ஒளிர்ந்து உடனே அணையும். எல்சிடியில் அடுத்த பிரேம் வரும்வரை அது அணையாமல் நிற்கும். நகரும் பொருளைக் கண் தொடர்ந்து போகும்போது, நின்றுகொண்டிருக்கும் அந்தப் படம் விழித்திரையில் இழுபட்டு மங்கும். நொடிக்கு 960 பிக்சல் வேகத்தில் ஒரு பந்து நகர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 ஹெர்ட்ஸில் அது 16 பிக்சல் அகலத்துக்கு இழுபடும். 120 புதிய பிரேம்கள் வந்தால் எட்டாகக் குறையும். அதிக ஹெர்ட்ஸ் வெறும் விளம்பரப் பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாததற்கு இந்தக் கணக்கே காரணம். இந்தப் பயன் உண்மையானது, வெறும் கண்ணாலேயே பார்க்கக்கூடியது. ஆனால் பிரேம்கள் புதியவையாக இருக்க வேண்டும்.

2007-ஐ ஒட்டி 120 ஹெர்ட்ஸ் எல்சிடி டிவிகள் கடைக்கு வந்தபோது, அந்தப் புதிய பிரேம்களை டிவியே தயாரித்தது. முதல் பிரேமையும் அடுத்த பிரேமையும் ஒப்பிட்டு, நடுவில் பொருள்கள் எங்கே இருந்திருக்கும் என்று கணித்து ஓர் இடைப் படத்தைச் செருகும். கிரிக்கெட்டுக்கு இது ஓரளவு உதவியது. சினிமாவின் முகத்தையே இது மாற்றிவிட்டது. 24 பிரேமுக்காக ஒளியமைத்து எடுத்த காட்சி மெகா சீரியல்போல் தெரிந்தது. 2018 டிசம்பரில் டாம் க்ரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் ஒரு வீடியோவில் தோன்றி, இதை அணைத்துவிட்டுப் படம் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். அடுத்த ஆண்டே பல டிவி கம்பெனிகள் சேர்ந்து, இந்தச் செருகலை நிறுத்தும் ஃபிலிம்மேக்கர் மோடை அறிவித்தன.

இந்தக் காலத்தில்தான் எண்களின் மேல் மக்களுக்கு இருந்த நம்பிக்கை கெட்டது. பிளாஸ்மா டிவியில் 600 ஹெர்ட்ஸ் என்று எழுதினார்கள். ஒரே படத்தைப் பத்து ஒளித்துண்டுகளாகப் பிரித்துக் காட்டுவதை 60-ஆல் பெருக்கிய கணக்கு அது. சாம்சங்கின் மோஷன் ரேட் 120, எல்ஜியின் ட்ரூமோஷன் 120 என்று அச்சிட்ட பெட்டிகளுக்குள் இருந்தது 60 ஹெர்ட்ஸ் பேனல். 240 என்று எழுதியிருந்தால் உள்ளே 120. இன்னும் பெரிய எண்களும் உலவின. பின்விளக்கை அணைத்து எரியவைப்பதையும் சேர்த்துக் கூட்டிய மொத்தங்கள் அவை. இவற்றில் எதுவும், கேபிள் வழியாக எத்தனை பிரேமை டிவி வாங்கும் என்பதைச் சொல்லவில்லை. பெரும்பாலானவை வாங்கியது 60 மட்டுமே.

இனி நம் பிரேம் உண்மையில் பயணப்படும் பாதைக்கு வருவோம். அது எச்டிஎம்ஐ கேபிள். 2002 டிசம்பரில் வந்த முதல் எச்டிஎம்ஐ நொடிக்கு 4.95 ஜிகாபிட் சுமந்தது. 2006-இல் 10.2, 2013-இல் வந்த 2.0-வில் 18. இந்த எண்களைப் பிரேமின் எடையோடு ஒப்பிட்டால்தான் விஷயம் புரியும். ஒரு 4கே பிரேமில் 82,94,400 பிக்சல்கள். ஒவ்வொன்றுக்கும் எச்டிஆர் தரத்தில் 30 பிட். நொடிக்கு 120 பிரேம் என்றால் படத்துக்கு மட்டும் ஏறக்குறைய 30 ஜிகாபிட். கோடுகளுக்கு நடுவே விடும் இடைவெளியும் கம்பியில் அனுப்புவதற்கான குறியாக்கமும் சேர்ந்தால் 40-ஐத் தொடும். 18 ஜிகாபிட் வாசலில் இது நுழையாது. 4கே-வில் 60 பிரேமோடு அந்த வாசல் நிரம்பிவிடுகிறது.

அதனால் பல ஆண்டுகள் ஒரு விசித்திரமான நிலை நீடித்தது. கண்ணாடியால் முடிந்தது, கதவால் முடியவில்லை. எல்ஜியின் 2018 ஓஎல்இடியான சி8 நொடிக்கு 120 பிரேம் ஓடும் 4கே வீடியோவைக் காட்டும் திறன் கொண்டது. ஆனால் இணையம், யுஎஸ்பி வழியாக வந்தால் மட்டும். எச்டிஎம்ஐ வழியாக வந்தால் 4கே-வில் 60தான். இதற்கு நேர்மாறான உதாரணமும் உண்டு. 2013-இல் சீக்கி என்ற பெயரில் மலிவாக விற்ற 39 அங்குல 4கே டிவி, 4கே-வில் வெறும் 30 ஹெர்ட்ஸ்தான் வாங்கியது. ஆனால் 1080பி-க்கு இறங்கினால் 120-ஐ உண்மையாகவே வாங்கிக் காட்டியது. அதே காலத்தில் 240 என்று அச்சிட்டு விற்ற பல விலை உயர்ந்த டிவிகள் 60-க்கு மேல் எதையும் உள்ளே விடவில்லை. பழைய 10.2 ஜிகாபிட் வாசலிலேயே 1080பி, 120 ஹெர்ட்ஸுக்கு இடம் இருந்தது. இடம் இருந்தும் கொடுக்காதது கம்பெனிகளின் முடிவு. அன்று 120 அனுப்பும் கருவிகள் குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 120 என்ற எண்ணைக் காட்டிக் காசு வாங்கியவர்களுக்கு அதைக் காரணமாகச் சொல்லும் உரிமை இல்லை என்பதே என் கருத்து.

கேபிளைச் செருகியதும் நடப்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். எச்டிஎம்ஐ முனையில் 19 ஊசிகள். 18-ஆவது ஊசியில் கன்சோல் 5 வோல்ட் கொடுக்கும். 19-ஆவது ஊசி வழியாக டிவி, நான் இங்கே இருக்கிறேன் என்று தெரிவிக்கும். உடனே கன்சோல் இன்னொரு மெதுவான இரட்டைக் கம்பியில் டிவியின் சின்ன நினைவகம் ஒன்றைப் படிக்கும். அதற்கு ஈடிஐடி என்று பெயர். 1994-இல் கம்ப்யூட்டர் மானிட்டர்களுக்காக உருவானது. முதல் பகுதி 128 பைட். இரண்டு பூஜ்யங்களுக்கு நடுவே ஆறு பைட் 255 என்ற அடையாளத்தோடு தொடங்கும். அடுத்த பகுதியில் டிவி எந்தெந்த வடிவங்களை வாங்கும் என்பது எண்களாக எழுதியிருக்கும். 16 என்றால் 1080பி, 60 ஹெர்ட்ஸ். 63 என்றால் 1080பி, 120. 97 என்றால் 4கே, 60. 118 என்றால் 4கே, 120. ரேஷன் அட்டையில் பதிந்திருப்பதுதான் கடையில் கிடைக்கும் என்பதுபோல, இந்தப் பட்டியலில் இருப்பதைத்தான் கன்சோல் தரும். பேனல் எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் அந்த போர்ட்டின் பட்டியலில் 118 இல்லையென்றால், கன்சோலின் மெனுவில் 4கே 120 வரவே வராது. ஒரே டிவியில் போர்ட்டுக்குப் போர்ட் இந்தப் பட்டியல் மாறும். செட்டிங்ஸில் ஒரு சுவிட்சைப் போட்டாலும் மாறும்.

அந்த சுவிட்சுக்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது. சாம்சங்கில் இன்புட் சிக்னல் பிளஸ், எல்ஜியில் எச்டிஎம்ஐ அல்ட்ரா எச்டி டீப் கலர், சோனியில் என்ஹான்ஸ்டு ஃபார்மட். மூன்றுக்கும் வேலை கிட்டத்தட்ட ஒன்றுதான்: அந்த போர்ட்டின் பெரிய பட்டியலை வெளியே காட்டுவது. பழைய கருவிகள் பெரிய பட்டியலைப் பார்த்துக் குழம்பிவிடும் என்பதால், பல மாடல்களில் இதை அணைத்தே அனுப்பினார்கள். வாங்கியவர் தானாகத் தேடிப் போட வேண்டும். போடாத வீடுகளில் நல்ல டிவி, நல்ல கன்சோல், நல்ல கேபிள் மூன்றும் இருந்தும் 120 வராது. யாரும் எச்சரிக்கவும் மாட்டார்கள். படம் எப்போதும்போல் வந்துகொண்டிருக்கும்.

வாசல் அகலமானது எச்டிஎம்ஐ 2.1 வந்த பிறகு. 2017 நவம்பரில் அதன் விதிமுறை வெளியானது. அதுவரை கேபிளுக்குள் மூன்று ஜோடிக் கம்பிகள் படத்தைச் சுமந்தன. நான்காவது ஜோடி நேரத்துடிப்பை மட்டும் சுமந்தது. 2.1-இல் அந்த நான்காவதையும் படத்துக்கே கொடுத்தார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் 12 ஜிகாபிட், மொத்தம் 48. படம் கிளம்பும் முன் இரு முனைகளும் ஒத்திகை பார்க்கும். கன்சோல் ஒரு சோதனைத் தொடரை அனுப்பும். பிழை இருந்தால் டிவி சொல்லும். வேகத்தைக் குறைத்து மறுபடி முயலும். 48, 40, 32, 24 என்று படிப்படியாக இறங்கும். மோசமான கேபிள் இந்த ஒத்திகையில்தான் தோற்கும். அதனால்தான் அல்ட்ரா ஹை ஸ்பீடு என்ற பெயரும் ஸ்கேன் செய்து சரிபார்க்கும் முத்திரையும் உள்ள கேபிளையே வாங்கச் சொல்கிறார்கள். அந்தக் கேபிளுக்குக் கொடுக்கும் காசு வீணாகாது.

2019-இல் எல்ஜி தன் சி9 ஓஎல்இடியின் நான்கு போர்ட்டுகளிலும் முழு 48 ஜிகாபிட்டைக் கொடுத்தது. என்னைக் கேட்டால், மேலே எழுப்பிய கேள்விக்கு முதன்முதலாக நேர்மையான பதிலைத் தந்த டிவிகளில் ஒன்று அது. அப்போது எச்டிஎம்ஐ வழியாக 4கே 120 அனுப்ப வீட்டுக்குரிய கருவி எதுவும் சந்தையில் இல்லை. வாசலைத் திறந்துவைத்து ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்தது. 2020 செப்டம்பரில் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 30 வரிசை கார்டுகளும் நவம்பரில் பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டும் வந்த பிறகுதான் அந்த வாசலுக்கு வேலை வந்தது.

வந்ததும் புதிய தடைகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. டெனான், மராண்ட்ஸ், யமாஹா ஆகியவற்றின் புதிய ஏவி ரிசீவர்கள் சிலவற்றில் பொருத்தியிருந்த எச்டிஎம்ஐ சிப்பில் குறை இருந்தது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸிலிருந்தோ அந்த என்விடியா கார்டுகளிலிருந்தோ 4கே 120 சிக்னல் அவற்றின் வழியாகப் போனால் திரை கறுத்துவிட்டது. டெனானும் மராண்ட்ஸும் வாடிக்கையாளர்களுக்கு இலவசமாக ஒரு இடைக்கருவியைக் கொடுக்க வேண்டிவந்தது. யமாஹா போர்டையே மாற்றிக்கொடுக்க ஏற்பாடு செய்தது. சோனியின் எக்ஸ்900எச் டிவி பிளேஸ்டேஷன் 5-க்குத் தயார் என்ற விளம்பரத்தோடு விற்றது. 4கே 120 வசதி பிறகு ஒரு மென்பொருள் அப்டேட்டில் வந்தது. வந்தபோது, அந்த முறையில் செங்குத்துத் தெளிவு பாதியாகக் குறைந்ததைச் சோதித்தவர்கள் கண்டுபிடித்தார்கள். 120 பிரேமும் வந்தன, 4கே-வில் பாதி போய்விட்டது. பிரேம் வேகம் ஏறி இறங்குவதற்கேற்பத் திரையும் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் விஆர்ஆர் வசதி அதற்கு வந்து சேர 2022 ஆனது.

கன்சோல் பக்கத்திலும் குறுக்கல் உண்டு. பிளேஸ்டேஷன் 5-இன் எச்டிஎம்ஐ வேகம் 32 ஜிகாபிட்டோடு நின்றுவிடுகிறது. 4கே 120-இல் எச்டிஆர் படத்தை அதற்குள் அடக்க, ஒவ்வொரு பிக்சலுக்கும் வெளிச்ச அளவைத் தனியாகவும் நிறத்தை இரண்டிரண்டு பிக்சலுக்குப் பொதுவாகவும் அனுப்புகிறது. சோபாவில் உட்கார்ந்து கேம் ஆடுகிறவர்களுக்கு இந்த வேறுபாடு தெரியாது. இதை நான் பெரிய குறையாக நினைக்கவில்லை. டிவிகளில் இரண்டே போர்ட்டுகளுக்கு மட்டும் 4கே 120 கொடுப்பதுதான் எரிச்சல் தருவது. பல கம்பெனிகள் பயன்படுத்திய ஒரே வகை சிப் அவ்வளவுதான் இடம் கொடுத்தது. அந்த இரண்டில் ஒன்றே சவுண்ட்பாருக்கான இஏஆர்சி போர்ட்டாகவும் இருந்தால், சவுண்ட்பார் மாட்டியவருக்கு மிஞ்சுவது ஒன்று.

சென்னையில் ஒரு கடையில் இதைப் பற்றி விசாரித்தேன். "தம்பி, இது எச்டிஎம்ஐ-ல 120 எடுக்குமா?" என்று கேட்டதும், "எடுக்கும் சார், 120 ஹெர்ட்ஸ் பேனல் சார்" என்றார் அந்த இளைஞர். எந்த போர்ட் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை, ஆனால் நல்ல மனிதர், டிவியைச் சற்றுத் திருப்பி மொபைல் டார்ச்சை அடித்துப் பார்த்தார். நான்கு போர்ட்டுகளில் இரண்டின் அருகே மட்டும் பொடி எழுத்தில் 4கே 120 என்று இருந்தது. "இதை யாரும் கேட்டதில்ல சார்" என்றார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவருக்குக் கொடுத்த விளக்கத்தாளில் பேனலின் எண் மட்டும்தான் இருந்தது.

பெயர்ச்சீட்டே கைவிட்ட கதையையும் சொல்லியாக வேண்டும். 2021 டிசம்பரில் ஷியோமியின் ஒரு மானிட்டர் எச்டிஎம்ஐ 2.1 என்ற பெயரோடு விற்பனைக்கு வந்தது. ஆராய்ந்தபோது, அதன் திறமை எல்லாம் பழைய 2.0 அளவுதான். இது சரியா என்று உரிமம் வழங்கும் அமைப்பிடமே கேட்டார்கள். 2.0 என்று தனியாக இனி ஒன்று கிடையாது, அது 2.1-க்குள் அடங்கிவிட்டது, 2.1-இன் புதிய வசதிகள் அனைத்தும் கம்பெனியின் விருப்பம், எந்த வசதி இருக்கிறது என்பதை மட்டும் அவர்கள் குறிப்பிட வேண்டும் என்று பதில் வந்தது. இதன் பொருள், எச்டிஎம்ஐ 2.1 என்று பெட்டியில் இருந்தாலும் 4கே 120 இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரு தரநிலைக்குப் பெயர் வைப்பதே வாங்குகிறவர் ஒரே சொல்லில் விஷயத்தைத் தெரிந்துகொள்வதற்காக. அந்தப் பயனை அதை உருவாக்கியவர்களே அழித்துவிட்டார்கள்.

இன்று நடுத்தர விலையில் வரும் சில டிவிகளில் இன்னொரு உத்தி இருக்கிறது. உள்ளே 60 ஹெர்ட்ஸ் பேனல். அதில் இரண்டிரண்டு கோடுகளை ஒரே நேரத்தில் இயக்கி, பாதிக் கோடுகளோடு 120 ஹெர்ட்ஸ் காட்டுவார்கள். டிஎல்ஜி என்பார்கள், கேம் ஆக்சலரேட்டர் போன்ற பெயர்களிலும் விற்கிறது. வேகமான கேம் ஆடுகிறவருக்கு இது பயன்படத்தான் செய்யும், ஏனென்றால் பிரேம்கள் நிஜமானவை. பாதித் தெளிவு போகிறது என்பதையும் அதே அளவு எழுத்தில் அச்சிட்டால் எனக்கு ஆட்சேபம் இல்லை. 144, 165 ஹெர்ட்ஸ் என்று நிஜமான பேனல்களும் இப்போது வருகின்றன. அவை கம்ப்யூட்டர் இணைப்பவர்களுக்கு. 240, 288 என்று பார்த்தால் மட்டும், எந்த ரெசல்யூஷனில் என்று கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் 1080பி-யாக இருக்கும்.

பிரேம் உள்ளே நுழைந்துவிட்டது என்பதற்காகக் காட்டப்பட்டுவிட்டது என்று ஆகாது. 120-ஐ வாங்கிக்கொண்டு, ஒன்றுவிட்டு ஒன்றைத் தூக்கியெறிந்து 60-ஆகக் காட்டும் டிவிகள் உண்டு. தகவல் பக்கத்தில் 120 என்றே எழுதியிருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை இருக்கிறது. கம்ப்யூட்டரை டிவியில் இணைத்து, கட்டங்கள் நிறைந்த ஒரு படத்தை ஓடவிடுவார்கள். ஒவ்வொரு பிரேமிலும் அடுத்த கட்டம் ஒன்று மட்டும் வெள்ளையாகும். கேமராவை ஆடாமல் வைத்து, பத்தில் ஒரு நொடி திறப்பு நேரத்தில் திரையைப் படமெடுக்க வேண்டும். 120 ஹெர்ட்ஸ் என்றால் அந்த நேரத்தில் பன்னிரண்டு கட்டங்கள் எரிந்திருக்கும். புகைப்படத்தில் அவை இடைவெளி இல்லாமல் வரிசையாகத் தெரிந்தால், டிவி எதையும் விடவில்லை. வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு என்று மாறி மாறி வந்தால், பாதியை விழுங்கியிருக்கிறது. மொபைல் கேமராவின் ப்ரோ மோடு இதற்குப் போதும். வாங்கித் திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடிவதற்குள் இதைச் செய்து பார்த்துவிடுவது நல்லது.

இத்தனையும் சரியாக அமைந்த டிவிக்கு 120 பிரேம் கொடுப்பவர் யார் என்ற கேள்வி பாக்கி. இன்றைக்குக் கேம்கள், கம்ப்யூட்டர், அவ்வளவுதான். ஆங் லீ 2019-இல் ஜெமினி மேன் படத்தை நொடிக்கு 120 பிரேமில் எடுத்தார். வீட்டுக்கு வந்த 4கே டிஸ்க்கில் 60தான், ஏனென்றால் அந்த டிஸ்க்கின் உச்சவரம்பே 60. ஒளிபரப்புக்கு இடம் இல்லாமல் இல்லை. 2012-இல் வந்த அல்ட்ரா எச்டி தரநிலையான பிடி.2020-இலேயே 120 இருக்கிறது. பிபிசியின் ஆய்வுப் பிரிவு 2008-இலேயே, தெளிவை மட்டும் ஏற்றிப் பிரேம் வேகத்தை ஏற்றாவிட்டால் விளையாட்டு ஒளிபரப்பில் அந்தத் தெளிவு நகர்வில் கரைந்துவிடும் என்று எடுத்துக்காட்டியது. இருந்தும் நம் வீட்டு எச்டி சேனல்கள் 1080ஐ, நொடிக்கு 50 தடவை. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசிய பந்து, ஒரு தடவைக்கும் மறுதடவைக்கும் இடையில் 78 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறது. 120 ஆக இருந்தால் 32 சென்டிமீட்டர். டிவியின் விலையில் பெரும்பகுதியைக் கிரிக்கெட்டுக்காகக் கொடுக்கும் நாட்டில், 120-ஆல் அதிகம் பயன்பெறக்கூடியது கிரிக்கெட்டாக இருந்தும், அது இன்னும் வரவில்லை. ஆகவே சீரியல், செய்தி, சினிமா, கிரிக்கெட் மட்டும் பார்க்கும் வீட்டில் 4கே 120 வாங்கும் போர்ட்டுக்காகக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை. பிள்ளைகள் கேம் ஆடும் வீட்டில் அது முக்கியம்.

இன்றைய நல்ல டிவிகள் உயர்ந்த ரெஃப்ரெஷ் ரேட் சிக்னலை உண்மையிலேயே வாங்குகின்றன. 2019-க்கு முன் இருந்த நிலை இப்போது இல்லை. ஆனால் எந்த டிவி வாங்கும், எது வாங்காது என்பதைப் பெட்டியைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. டிவி எவ்வளவு மின்சாரம் குடிக்கும் என்பதை நட்சத்திர முத்திரை ஒட்டிச் சொல்ல முடிகிறபோது, ஒவ்வொரு போர்ட்டும் எந்த ரெசல்யூஷனில் எத்தனை ஹெர்ட்ஸ் வாங்கும் என்று நான்கு வரி அச்சிடுவது கம்பெனிகளுக்குச் சிரமமான காரியம் இல்லை. அதைக் கட்டாயமாக்க வேண்டியது அரசின் தர அமைப்புகளின் பொறுப்பு. அதுவரை வாங்குகிறவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு கம்பெனியின் தளத்திலிருந்து கையேட்டை இறக்குங்கள். கடைசிப் பக்கங்களில், ஏற்கும் சிக்னல்கள் என்று ஓர் அட்டவணை இருக்கும். அதில் 3840 × 2160, 120 ஹெர்ட்ஸ் என்ற வரியும் அது எந்த போர்ட்டுக்கு என்ற குறிப்பும் இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால், விற்பவர் என்ன சொன்னாலும் 120-க்காக அந்த டிவியை வாங்காதீர்கள்.